தோற்றவனுக்கு ஏன் கல்லறை? குளச்சலும் ஆரல்வாய்மொழியும் கற்பிக்கும் பாடம்



சென்ற விடுமுறையில் எங்கள் மதரஸாவின் மேல்வகுப்பு மாணவர்களை உதயகிரிக் கோட்டைக்கு அழைத்துச் சென்றிருந்தேன். தக்கலையிலிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் புலியூர்க்குறிச்சியில் இருக்கும் அந்தக் கோட்டையை நம் மக்களில் பலர் பேருந்தின் சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. கோட்டையின் உள்ளே, கூரையிழந்து நிற்கும் ஒரு சிறு தேவாலயத்தில், டிலனாய் என்பவரின் கல்லறை இருக்கிறது. இலத்தீன் மொழியிலும் தமிழிலும் எழுத்துகள் பொறித்த கல். 1741-இல் குளச்சல் கரையில் திருவிதாங்கூர்ப் படையிடம் சரணடைந்த டச்சுப் படைத் தலைவர் அவர்தாம் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டு வயது மாணவன் ஒருவன் இடைமறித்தான்.

"உஸ்தாதே, ஜெயிச்சது நம்ம ராஜா. தோத்தவனுக்கு எதுக்கு இங்கே இவ்வளவு பெரிய கல்லறை?"

மற்ற மாணவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று அவனுக்கு ஏதோ சுருக்கமாகச் சொல்லிச் சமாளித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னோடு வீடுவரை வந்தது. வலிமையில் குறைந்த ஒரு நாடு, கப்பலும் பீரங்கியும் கொண்டு வந்த ஓர் அந்நிய ஆதிக்கத்தை எப்படி வென்றது? வென்ற அதே நாடு, அறுபத்தெட்டே ஆண்டுகளில் மற்றோர் அந்நியரிடம் எப்படி வீழ்ந்தது? இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை நம் மாவட்டத்து மண்ணிலேயே இருக்கிறது. வென்ற களம் குளச்சல், 1741. வீழ்ந்த களம் ஆரல்வாய்மொழி, 1809.

வீரம் மட்டும் போதுமா?

இத்தகைய வரலாறுகளைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் பெரும்பாலும் இரண்டு விடைகளில் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஒன்று, "வீரம் வென்றது." மற்றொன்று, "இறைவன் நாடினான், வென்றார்கள்."

இறைவனின் நாட்டமின்றி எதுவும் நடவாது என்பது நம் ஈமான். தாலூத்தின் சிறுபடை ஜாலூத்தின் பெரும்படையை வென்ற வரலாற்றை நாம் குழந்தைகளுக்கு ஓதிக்கொடுக்கிறோம். ஆனால் அதே வரலாற்றில், படை களத்தை அடையும் முன்பே ஆற்றங்கரையில் ஒரு சோதனை வருகிறது. தாகத்தை அடக்கிக்கொள்ள முடிந்தவர்கள் மட்டுமே தாலூத்தோடு களம்வரை சென்றார்கள். பத்ரில் முந்நூற்றுச் சொச்சம் பேர் ஆயிரம் பேரை எதிர்கொண்டபோதும், தண்ணீர்க் கிணறுகள் யார் கையில் இருக்க வேண்டும் என்பது முதலில் தீர்மானிக்கப்பட்டது. தவக்குல் என்பது ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்புவது என்று நாம் படித்திருக்கிறோம். ஆகவே, அந்த ஒட்டகம் எப்படிக் கட்டப்பட்டது என்று கேட்பது இறைநம்பிக்கைக்கு முரணானது அன்று.

வீரம் மட்டுமே வெற்றி தரும் என்பதும் பொருந்தாது. வேலுத்தம்பி தளவாயிடம் இல்லாத வீரமா? அவர் பிறந்த தலக்குளம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவர் வீழ்ந்தார். எனவே வேறு ஏதோ ஒன்று வெற்றியையும் தோல்வியையும் பிரித்திருக்கிறது.

குளச்சலில் நடந்தது என்ன?

திருவிதாங்கூரை 1729 முதல் 1758 வரை ஆண்டவர் மார்த்தாண்ட வர்மா. தலைநகர் பத்மநாபபுரம். அவர் வடக்கிலிருந்த சிற்றரசுகளை ஒவ்வொன்றாகத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தபோது, அந்தச் சிற்றரசுகளிடமிருந்து மலிவு விலைக்கு மிளகு வாங்கிவந்த டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கலங்கியது. இலங்கையில் டச்சு ஆளுநராக இருந்த வான் இம்ஹாஃப் நேரில் வந்து மன்னரை எச்சரித்தும் பயனில்லை. போர் மூண்டது. 1740-ஆம் ஆண்டின் இறுதியில் இலங்கையிலிருந்து வந்த டச்சுப் படை குளச்சலில் இறங்கியது. கடலோர ஊர்கள் சூறையாடப்பட்டன. கரையில் மரத்தால் அரண் அமைத்துக்கொண்டு பத்மநாபபுரத்தை நோக்கி முன்னேறுவது அவர்கள் திட்டம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆள் எண்ணிக்கையில் திருவிதாங்கூர் குறைந்ததன்று. குறைவு கப்பலில், பீரங்கியில், போர்ப் பயிற்சியில். அந்நாளில் டச்சுக் கம்பெனி உலகின் மிகப் பெரிய வணிக ஆதிக்கங்களுள் ஒன்று. அதன் கடற்படைக்கு முன் திருவிதாங்கூரிடம் எதுவுமில்லை.

எனவே மார்த்தாண்ட வர்மா அவர்களைக் கடலில் சந்திக்கவில்லை. கரையில் முடக்கினார். கரையிலிருந்து நகர முடியாமல் சூழ்ந்துகொண்டார். முற்றுகை நீண்டது. கடலோரத்து முக்குவ மக்கள் மன்னர் பக்கம் நின்றார்கள். அவர்கள் துடுப்புகளைத் தோளில் சாய்த்து அணிவகுத்துத் துப்பாக்கிப் படை போலத் தோற்றம் காட்டினார்கள் என்றும், பனந்தடிகளை வண்டிகளில் ஏற்றிப் பீரங்கிகள் போலக் காட்டினார்கள் என்றும் அப்பகுதியில் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

இனி அந்தச் சரணாகதியின் காலத்தைப் பாருங்கள்: 1741 ஆகஸ்ட். ஆடி மாதத்தின் கடைசி நாள்கள். அந்த மாதத்தில் நம் கடல் எப்படி இருக்கும் என்று குளச்சல் மீனவர் எவரிடமும் கேட்டுப்பாருங்கள். தென்மேற்குப் பருவக்காற்றில் கொந்தளிக்கும் திறந்த கடற்கரையில் கப்பல் நங்கூரமிட்டு நிற்பதும், படகில் அரிசியும் வெடிமருந்தும் இறக்குவதும் எளிதா? கடல் தந்த வலிமையை நம்பி வந்தவர்களுக்கு அந்தக் கடலே கதவடைத்துவிட்டது என்பது என் கணிப்பு. இன்னொரு புறம், அவர்களுடைய தலைமையகமான படேவியாவிலிருந்தும் உதவி வரவில்லை. 1740 அக்டோபரில் அங்கே சீனர்கள் படுகொலை செய்யப்பட்டதைத் தொடர்ந்து ஜாவாவில் பெரும்போர் மூண்டிருந்தது. இந்நிலையில் குளச்சல் அரணுக்குள் விழுந்த ஒரு குண்டு வெடிமருந்துப் பீப்பாயைப் பற்றவைத்தது. தீயில் அரிசி இருப்பு எரிந்தது. டச்சுப் படை சரணடைந்தது.

இதில் நான் காணும் முதற்பாடம் பொறுமை. ஸப்ர் என்றால் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பது என்று நாம் சுருக்கிவிட்டோம். குளச்சலில் அது செயலாக இருந்தது. தொலைவிலிருந்து வரும் ஆதிக்கத்துக்கு ஒவ்வொரு நாளும் செலவு. அரிசி கப்பலில் வர வேண்டும். மருந்து கப்பலில் வர வேண்டும். உள்ளூரில் நிற்பவனுக்குச் சோறு அவன் வயலிலிருந்து வரும். அந்நியன் விரைந்து வெல்ல வேண்டும். நாட்டுக்காரன் விரைந்து தோற்காமல் இருந்தால் போதும். அல்ஜீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1830 முதல் அதை ஆண்ட பிரான்ஸ், 1957-இல் தலைநகர் அல்ஜியர்ஸில் விடுதலைப் போராளிகளின் அமைப்பை ஏறத்தாழ முறித்தே விட்டது. அந்தக் களத்தில் வென்றது பிரான்ஸ்தான். ஆயினும் 1962-இல் நாட்டைவிட்டு வெளியேறியதும் பிரான்ஸ்தான். களத்தில் தோற்றவர்கள் காலத்தில் தோற்கவில்லை. அதற்காக அம்மக்கள் கொடுத்த உயிர்களின் விலை மிகப் பெரிது என்பதையும் மறக்கக் கூடாது.

கைதியை என்ன செய்தார்கள்?

இப்போது என் மாணவனின் கேள்விக்கு வருகிறேன்.

சரணடைந்த டிலனாயை மார்த்தாண்ட வர்மா கொல்லவில்லை. உதயகிரியில் வைத்து, தம் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சி கொடுக்கச் செய்தார். உதயகிரியில் பீரங்கி வார்க்கும் உலை எழுந்தது. கோட்டைகள் வலுப்பெற்றன. 'வலிய கப்பித்தான்' என்று மக்கள் அழைக்கும் நிலைக்கு அவர் உயர்ந்தார். சரணடைந்த நாளிலிருந்து 1777-இல் இறக்கும்வரை முப்பத்தாறு ஆண்டுகள் அவர் இந்த நாட்டுக்கே உழைத்தார். தாம் எந்த அறிவில் குறைந்திருந்தாரோ அந்த அறிவை மன்னர் தம் கைதியிடமிருந்து பெற்றுக்கொண்டார். 1753-இல் மாவேலிக்கரை உடன்படிக்கையில், திருவிதாங்கூரின் விவகாரங்களில் தலையிடுவதில்லை என்று டச்சுக்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். குளச்சலில் முளைத்த வெற்றி உண்மையில் காய்த்தது அப்போதுதான்.

மார்த்தாண்ட வர்மா இதைக் கருணையால் செய்தார் என்று நான் சொல்லவில்லை. அவர் அண்டை அரசுகளை விழுங்கியவர். தம் எதிரிகளிடம் இரக்கமின்றி நடந்தவர். இது அரசியல் மதியால் செய்த செயல். ஆனால் மதியும் அறமும் ஒரே திசையைக் காட்டும் இடங்கள் உண்டு. பத்ரில் பிடிபட்டவர்களில் மீட்புத்தொகை கொடுக்க இயலாத, எழுத்தறிவு பெற்றவர்களை, மதீனாவின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்துவிட்டு விடுதலை பெறுமாறு நபி (ஸல்) அவர்கள் செய்த வரலாறு நாம் அறிந்ததே. நேற்றுவரை வாளோடு வந்தவன் இன்று பிள்ளைகளுக்கு ஆசிரியன்.

இதற்கு நேர்மாறான ஒரு காட்சியைப் பிறகு சொல்கிறேன்.

வென்றவர் திறந்த இன்னொரு கதவு

வலிமையில் குறைந்தவர்க்குத் துணை தேவை. சிவகங்கைச் சீமையை 1772-இல் இழந்த வேலு நாச்சியார், எட்டு ஆண்டுகள் திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சியில் தங்கி, ஹைதர் அலியின் படையுதவி பெற்று 1780-இல் தம் சீமையை மீட்டார். இது நம் சமுதாயம் பெருமையோடு நினைவுகூரும் செய்தி. ஆனால் எல்லாத் துணையும் ஒரே மாதிரியானதன்று. வந்த துணை திரும்பிப் போகுமா என்பதே கேள்வி.

குளச்சலில் டச்சுக்காரர்களை விரட்டிய திருவிதாங்கூர், ஆங்கிலக் கம்பெனியை நண்பனாக வைத்திருந்தது. 1789 டிசம்பரில் திப்பு சுல்தான் திருவிதாங்கூரின் வட எல்லையிலிருந்த நெடுங்கோட்டை மீது படையெடுத்தார். டிலனாயின் திறமையால் வலுப்பெற்ற அந்த அரண் முதல் தாக்குதலைத் தாங்கியது. திப்புவின் தியாகத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆங்கிலேயரை எதிர்த்துக் களத்திலேயே ஷஹீதான மன்னர் அவர். ஆயினும் உண்மையை மறைப்பது ஓர் ஆசிரியனுக்கு அழகன்று. ஐரோப்பியரை வெல்லும் ஆற்றல் தங்களுக்கு உண்டு என்று நிரூபித்த இரண்டு தென்னக அரசுகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டன. பயன் ஆங்கிலேயருக்குப் போயிற்று.

அந்தப் போரைத் திப்புவுக்கு எதிராக நடத்திய ஆங்கிலத் தலைவர் யார் தெரியுமா? காரன்வாலிஸ். 1781-இல் அமெரிக்காவின் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த அதே காரன்வாலிஸ். அமெரிக்கக் குடியேற்றத்தவர் பல களங்களில் ஆங்கிலேயரிடம் தோற்றவர்களே. ஆனால் யார்க்டவுனில் பிரெஞ்சுக் கடற்படை வந்து காரன்வாலிஸின் கடல்வழியை அடைத்தது. பிரெஞ்சுத் தரைப்படை வாஷிங்டனின் தோளோடு தோள் நின்றது. பதினொரு ஆண்டுகள் கழித்து, 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் முன் அதே மனிதர் நின்றபோது, நிஜாமும் மராட்டியரும் அவர் பக்கம் இருந்தார்கள். திப்பு தம் நாட்டில் பாதியை இழந்தார். இரண்டு புதல்வர்களைப் பிணையாகக் கொடுத்தார். இடைப்பட்ட காலத்தில் காரன்வாலிஸ் பெரிய போர்வீரராக மாறிவிடவில்லை. அங்கே அவருக்கு எதிரானவர்கள் சேர்ந்திருந்தார்கள், இங்கே பிரிந்திருந்தார்கள்.

காப்பாற்ற வந்த நண்பன் திருவிதாங்கூரிடம் கூலி கேட்டான். 1795-இல் ஓர் உடன்படிக்கை. கம்பெனிப் படையின் செலவை மன்னர் ஆண்டுதோறும் ஏற்க வேண்டும். 1805-இல் இன்னொன்று. செலுத்த வேண்டிய தொகை ஆண்டுக்கு எட்டு இலட்சம் ரூபாய். டச்சுக்காரனால் பீரங்கி கொண்டு பெற முடியாததை ஆங்கிலேயன் கணக்குப் புத்தகம் கொண்டு பெற்றான்.

ஆரல்வாய்மொழியில் வீழ்ந்தது ஏன்?

1805-இல் அந்த உடன்படிக்கைக்குத் துணைநின்ற தளவாயே வேலுத்தம்பிதான். அதற்கு முந்தைய ஆண்டு, படிகள் குறைக்கப்படுவதை எதிர்த்துத் திருவிதாங்கூரின் நாயர் படை கலகம் செய்தபோது, ஆங்கிலேயரின் உதவியோடு அதை அவர் கடுமையாக ஒடுக்கியிருந்தார். பின்னர் கப்பப் பாக்கிக்காக ஆங்கில ரெசிடெண்ட் மெக்காலே நெருக்கியபோது, வேலுத்தம்பி எதிர்த்து எழுந்தார். 1808 டிசம்பரில் கொச்சியின் பாலியத்து அச்சனோடு சேர்ந்து மெக்காலேயின் மாளிகை தாக்கப்பட்டது. 1809 ஜனவரி 11-இல் குண்டறையிலிருந்து அவர் வெளியிட்ட அறிக்கை மக்களைப் போருக்கு அழைத்தது. அந்த அறைகூவலின் துணிவை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் நான்கே நாள்களில் கொல்லத்தில் தோல்வி. பிப்ரவரி 10-இல், திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த ஆங்கிலப் படை, ஆரல்வாய்மொழி அரணை இரவில் மலைச்சரிவு வழியாக ஏறிப் பிடித்தது. பின்னர் உதயகிரியும் பத்மநாபபுரமும் போரின்றியே பணிந்தன. டிலனாய் முப்பத்தாறு ஆண்டுகள் உழைத்த கோட்டை ஒரு குண்டும் சுடாமல் கைமாறியது. சுவர் அதே சுவர். சுவருக்குப் பின்னால் நின்ற ஒற்றுமைதான் இல்லை. பாலியத்து அச்சன் விலகிக்கொண்டார். மன்னர் தம் தளவாயைக் கைவிட்டார். புதிய தளவாயின் ஆட்களே பழைய தளவாயைத் தேடி அலைந்தார்கள். மண்ணடியில் அவர் உயிர் நீத்தார். அவர் உடல் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுவரப்பட்டுக் கண்ணம்மூலையில் தொங்கவிடப்பட்டது.

முன்பு சொல்வதாகச் சொன்ன காட்சி இதுதான். அந்தப் போரின்போது ஆலப்புழைப் பகுதியில் பிடிபட்ட முப்பதுக்கும் மேற்பட்ட ஆங்கிலப் படைவீரர்களும் ஹ்யூம் என்னும் மருத்துவரும் கொல்லப்பட்டு ஆற்றில் எறியப்பட்டார்கள். இதனால் வேலுத்தம்பியின் படைக்கு ஒரு துப்பாக்கியாவது கூடியதா? ஒரு நாளாவது அவகாசம் கிடைத்ததா? எதிரிக்குப் பழிவாங்கக் காரணம் கிடைத்தது. ஊசலாடிக்கொண்டிருந்த கூட்டாளிகளுக்கு விலகிக்கொள்ளச் சாக்குக் கிடைத்தது. குளச்சலில் ஒரு கைதி உயிரோடு வைக்கப்பட்டு நாட்டுக்கு முப்பத்தாறு ஆண்டு அரணானார். ஆலப்புழையில் கொல்லப்பட்ட கைதிகள் அந்த எழுச்சியின் மீது அழியாத கறையானார்கள்.

நமக்கு இதில் என்ன?

குஞ்ஞாலி மரைக்காயர்களின் வரலாறும் இதையே சொல்கிறது. சிறு படகுகளைக் கொண்டு போர்த்துக்கீசியரின் பெருங்கப்பல்களை ஒரு நூற்றாண்டு காலம் அலைக்கழித்தவர்கள் அவர்கள். அவர்களைப் போர்த்துக்கீசியர் தனித்து வெல்லவில்லை. 1600-இல் கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னரே போர்த்துக்கீசியரோடு சேர்ந்தபோதுதான் நான்காம் குஞ்ஞாலி வீழ்ந்து, கோவாவில் கொல்லப்பட்டார். மன்னர் பிரிந்த பிறகு குஞ்ஞாலியின் கோட்டையும் நிற்கவில்லை, படகும் நிற்கவில்லை.

இன்று நம் பிள்ளைகளின் கைப்பேசிக்கு வரும் வரலாறு வேறு. "குளச்சலில் வென்றது எங்கள் இனம்தான்" என்று ஒவ்வொரு சமூகமும் தனித்தனியே உரிமை கொண்டாடும் காணொளிகளை நான் பார்க்கிறேன். நம்மவர்களும் அதில் குறைந்தவர்களல்லர். கேட்கும்போது மனம் வலிக்கிறது. மன்னரும் படையும் மீனவரும் சேர்ந்து நின்றதாலேயே வென்ற ஒரு போரை, பங்கு பிரிப்பதற்கான சொத்தாக மாற்றிவிட்டோம். குளச்சலுக்கு அருகிலேதான் மண்டைக்காடு இருக்கிறது. 1982-இல் அங்கே மத மோதலில் இரத்தம் சிந்தியது. அந்தக் கரையோரத்துப் பெரியவர்கள் இன்றும் அந்த ஆண்டைக் குரல் தாழ்த்தித்தான் பேசுகிறார்கள். டச்சுக்காரர்களை விரட்டிய கரை, தன் பிள்ளைகளைத் தானே விரட்டிய கரையாகவும் ஆனதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மறைத்தால் பாடம் கிடைக்காது.

இதற்கு மாற்றும் நம் மண்ணிலேயே உண்டு. இடலாக்குடி தந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர், கதர் உடுத்தி விடுதலை இயக்கத்தில் நின்றவர். கம்பராமாயணத்தை அவையில் விரித்துரைத்த மார்க்கப்பற்றாளர். எந்த அவையும் அவரை அந்நியராகக் கருதவில்லை. அவரும் எந்த அவையையும் அந்நியமாகக் கருதவில்லை. வாள் ஏந்தாமல் விடுதலை பெற்ற தலைமுறை அத்தகையவர்களால் ஆனது.

பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. விடுமுறை நாளில் பிள்ளைகளைக் குளச்சல் கடற்கரையில் நிற்கும் வெற்றித் தூணுக்கு அழைத்துச் செல்லுங்கள். வெறும் பெருமையை மட்டும் ஊட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். அங்கிருந்து ஆரல்வாய்மொழிக்கும் செல்லுங்கள். ஒரே நாளில் இரண்டையும் பார்த்துவிடலாம். வென்றது ஏன் என்று தெரிந்த பிள்ளைக்கு, வீழ்ந்தது ஏன் என்றும் தெரிய வேண்டும்.

அடுத்த வகுப்பில் அந்த மாணவனை அழைத்து விடை சொன்னேன். "மக்களே, தோற்றவனுக்கு நாம் அந்தக் கல்லறையைக் கட்டவில்லை. நம்மிடம் தோற்று, பிறகு நமக்காகவே உழைத்துச் செத்தவனுக்குக் கட்டியிருக்கிறோம். எதிரியை அந்த அளவுக்கு மாற்றத் தெரிந்தவரைத்தான் ஜெயிச்சவர் என்று சொல்ல வேண்டும்."

அவன் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்போ 1809-ல நாம யாரையும் மாத்தல்லியா உஸ்தாதே?" என்று கேட்டான்.

இல்லை என்றேன். இருந்தவர்களையும் இழந்தோம்.

பொறுமையையும் ஒற்றுமையையும் நீதியையும் வல்ல அல்லாஹ் நமக்கும் நம் அண்டை வீட்டாருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.